ஆணியில் தொங்கிய சாவி

நோரா ஏரி,
ஏப்ரல் 9

அன்புள்ள லொரேன்,

இங்கே நானும் டெரிக்கும் நலம். உன் மணிக்கட்டும் இடுப்பும் எப்படி இருக்கின்றன? பல முறை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் உன் மகள்தான் எடுக்கிறாள், "அம்மா தூங்குறாங்க மாமா" என்கிறாள். காலை பத்து மணிக்குத் தூங்குகிறவளா நீ? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏரியில் பனி உடைந்து தண்ணீர் தெரிகிறது. குளிர்காலம் முழுக்க ஏரி ஐஸ் மேல் நின்ற மீன்பிடிக் குடிலை நம் ஹாரல்டும் நானும் போன மாதமே கரைக்கு இழுத்துவிட்டோம். டெரிக்கின் விலா எலும்புகள் சேர்ந்துவிட்டன. குடித்துவிட்டு ஓட்டி ஆளைக் காயப்படுத்தினான் என்று போலீஸ் போட்ட வழக்கு ஒரு பக்கம் நடக்கிறது. அது போதாதென்று நேற்று ஒரு ஆள் வாசலில் வந்து நின்று, டெரிக்கின் கையில் ஒரு காகிதத்தைத் திணித்துவிட்டுப் போனான். நஷ்டஈட்டு வழக்கு. மேலே உன் பெயர், கீழே என் மகன் பெயர், நடுவில் ‘எதிர்’ என்று ஒரு சொல். அவன் அதைப் படித்துவிட்டு, "அத்தையா போட்டது?" என்று கேட்டான்.

வகுப்பில் இரண்டு பையன்கள் மோதிக்கொண்டு ஒருவன் பல் உடைந்தால், முதலில் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவேன். தலைமை ஆசிரியரிடம் போவது அதற்கு அப்புறம்தான். நீ நேரே மேலே போய்விட்டாய். அன்று இரவு குடிலில் அவன் சாவியை எடுத்துக்கொண்டு உன்னை வீட்டில் விடக் கிளம்பினான். வழியில் அந்த ஓக் மரம். தவறுதான். ஆனால் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது உனக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரியாவது எழுது.

அண்ணன்,
மார்வின்


கிரீன் பே,
மே 2

அண்ணனுக்கு,

நலம் கேட்டிருந்தாய். மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். விரல்கள் கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைகின்றன, ஆனால் மூட முடியவில்லை. முடிவெட்டும் கடையை விற்றாயிற்று. இது இடக்கையால் எழுதுவது, கோணல் இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள்.

என் சிகிச்சைக்கு வண்டியின் காப்பீட்டுக் கம்பெனிதான் தர வேண்டும். தரமாட்டேன் என்கிறார்கள். வழக்குப் போட்டால் ஓட்டியவனின் பெயரும் அதில் இருக்கத்தான் செய்யும். இது டெரிக்கின் பாக்கெட்டிலிருந்து போகிற பணம் இல்லை என்று அவனுக்கு நீ சொல்லியிருக்கலாம். பாடம் நடத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் உண்டா?

காப்பீட்டு வக்கீல் மில்வாக்கியிலிருந்து வந்து என்னை விசாரித்தான். வழவழவென்று முகம். ஏரியைப் படத்தில்தான் பார்த்திருப்பான் போல.

"நீங்க ஏன் பெல்ட் போடல?"

"ஐஸ் மேல யாரும் போடமாட்டாங்க. உடைஞ்சா வண்டியோட உள்ள போயிடணுமா? பெல்ட்டைக் கழட்டி, கண்ணாடியை இறக்கி வெச்சாத்தான் தப்பிக்கலாம்."

"விபத்து ஐஸ் மேல நடக்கலியே. ரோட்டுலதானே நடந்துச்சு?"

கரை ஏறியதும் ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்துவான், எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் சாலையில் ஏறுவான், இந்த ஏரியில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும் என்றேன். டெரிக் அன்று நிறுத்தவில்லை. மீசை முளைக்கும் முன்பிருந்தே அந்த ஐஸில் ஓட்டுகிறவனுக்கு, ஐஸ் முடிந்து சாலை வந்ததுகூடத் தெரியவில்லை. கெட்ட எண்ணம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எந்த எண்ணமும் இல்லாத அளவுக்குக் குடித்திருந்தான் என்று எழுது.

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையாவிட்டாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

லொரேன்


நோரா ஏரி,
மே 11

அன்புள்ள லொரேன்,

உன் கடிதம் கிடைத்தது. இடக்கை எழுத்து தெளிவாகவே இருக்கிறது. கடையை விற்றாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்து சாமான்களையாவது ஏற்றி இறக்கியிருப்பேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பெல்ட் விஷயத்தில் உன் பக்கம்தான் நியாயம். அந்த ஆளை ஒரு ஜனவரி மாதம் இங்கே கூட்டி வந்து, பெல்ட்டைப் போட்டு உட்காரவைத்து ஐஸ் மேல் ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஆனால் டெரிக்கின் வக்கீல் இன்னொன்று சொன்னார். காப்பீட்டுக்காரர்கள் பெல்ட்டோடு விடப்போவதில்லையாம். ஓட்டுகிறவன் குடித்திருக்கிறான் என்று தெரிந்தே நீ ஏறினாய் என்று வாதாடப் போகிறார்கள். தப்பில் பாதிக்கு மேல் உன்னுடையது என்று ஜூரி நினைத்துவிட்டால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. வழுக்கும் என்று பலகை வைத்த தரையில் நடந்து விழுந்தவன், பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட முடியாது இல்லையா, அதுபோல.

ஆகவே அவன் எவ்வளவு குடித்தான் என்பதில் நீ அவசரப்பட்டு எதுவும் சொல்லாமல் இருப்பது உனக்கே நல்லது. அவன் சாவியை எடுத்தபோது நான் தூண்டில் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே சரியாகத் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடு.

மார்வின்


கிரீன் பே,
ஜூன் 30

அண்ணனுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உயிரோடு இருக்கிறேன். விசாரிப்பு முடிந்தது.

உன் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். முதலாவதில் ‘அவன் சாவியை எடுத்துக்கொண்டு’. இரண்டாவதில் ‘அவன் சாவியை எடுத்தபோது’. ஒரு பொய்யைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது பழகிவிடும் என்று நினைக்கிறாயா?

அந்தக் குடிலில் யாரும் தன் சாவியைத் தானே எடுப்பதில்லை. உள்ளே நுழைகிறவன் சாவியை உன் கையில் தருவான். அடுப்புக்கு மேலே இருக்கிற ஆணியில் நீ அதை மாட்டுவாய். கிளம்பும்போது ஆளைப் பார்ப்பாய், பேசவைப்பாய், சரி என்று பட்டால்தான் எடுத்துக் கொடுப்பாய். ஹாரல்டை எத்தனை தடவை காலைவரை பெஞ்சில் படுக்கவைத்திருக்கிறாய்? எங்கள் எல்லோருக்கும் சேர்த்து நீ ஒருவன் குடிக்காமல் இருப்பாய். அதனால்தான் பெண்களும் அந்தக் குடிலுக்கு வந்தோம்.

அன்று எனக்கு பிராந்தி வாடை அடித்தது. ஆனால் டெரிக்கின் சாவி உன் கையிலிருந்து அவன் கைக்குப் போவதைப் பார்த்தேன். நீ கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏறினேன். நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தாயா? உன் கையில் சீட்டாட்டச் சீட்டுகள் இருந்தன.

இதை மட்டும் நீ எழுதவே மாட்டேன் என்கிறாய். எழுது.

லொரேன்


நோரா ஏரி,
செப்டம்பர் 14

அன்புள்ள லொரேன்,

பதில் தாமதம். ஜூலையில் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், அப்புறம் கூரை வேலை. உனக்கு வலி எப்படி? இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. இந்த மாதத்தில் நீ எப்போதும் ஆப்பிள் வாங்க வருவாய்.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். மாநில உச்ச நீதிமன்றம் வேறொருவனின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரின் உடம்பிலிருந்து, நீதிபதியின் அனுமதி வாங்காமல் போலீஸ் ரத்தம் எடுக்கவைத்தால் அது செல்லாதாம். டெரிக்கும் அன்று ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல்தானே கிடந்தான்? எங்கள் நீதிபதியும் அந்த ரத்தப் பரிசோதனையைச் சாட்சியத்திலிருந்து தூக்கிவிட்டார்.

இது தந்திரம் என்று நீ நினைக்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். பரீட்சை நேரத்தில் ஒரு பையன் மயங்கி விழுகிறான். நான் அவன் பையைத் திறந்து பார்க்கிறேன், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அதை வைத்து அவனைத் தண்டிக்கலாமா? அவன் கண் விழித்திருந்தால் திறக்காதே என்று சொல்லியிருப்பான். சொல்ல முடியாத நிலையில் இருந்தவனின் உரிமையைத்தான் நீதிமன்றம் காப்பாற்றியிருக்கிறது. அது நல்ல தீர்ப்பு.

இனி அவன் குடித்திருந்தான் என்று நெருக்கத்திலிருந்து சொல்லக்கூடிய ஒரே சாட்சி, பக்கத்தில் உட்கார்ந்து வந்த நீதான். நீ கவனிக்கவில்லை என்று சொன்னால் அவனுக்குச் சிறை இல்லை. தெரிந்தே ஏறினாள் என்று காப்பீட்டுக்காரன் உன்னையும் சொல்ல முடியாது. அவனுக்கும் நல்லது, உனக்கும் நல்லது. அமைதியாக யோசித்துப் பார்.

உன் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

மார்வின்


கிரீன் பே,
செப்டம்பர் 19

அண்ணனுக்கு,

கொடுக்கிறேன். மணிக்கட்டுக்கு வெந்நீர், இடுப்புக்கு ஐஸ்.

பையைத் திறந்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பையும் நான் குறை சொல்லவில்லை. என் ரத்தத்தை அப்படி எடுத்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஆனால் உன் உதாரணத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். அந்தப் பையன் காப்பி அடித்தானா இல்லையா? பக்கத்து மேசையில் இருந்தவளிடம் போய், "நீ பாக்கலைன்னு சொல்லிடும்மா, உனக்கும் மார்க் போடறேன்" என்று சொல்கிற வாத்தியாருக்கு என்ன பெயர்?

என் வக்கீலும் ஒரு தீர்ப்பைக் காட்டினார். பொறுப்பான ஒருவர் சரி என்று காட்டியதை நம்பி வண்டியில் ஏறியவளை, தெரிந்தே ஏறினாள் என்று சொல்ல முடியாதாம். ஆக, சாவியை நான்தான் கொடுத்தேன் என்று நீ சத்தியம் செய்து சொன்னால் என் மேல் பழி இல்லை. நான் பொய் சொல்லவும் வேண்டாம். ஆனால் அவன் இருந்த நிலையையும் நீ சொல்ல வேண்டிவரும், உன் மகன் உள்ளே போவான். அதற்குத்தான் கவனிக்கவில்லை என்று சொல், சொல் என்கிறாய்.

போன வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் டெரிக் யாருடைய வண்டியையோ வாங்கி ஓட்டிக்கொண்டு போனதாக ஹாரல்டின் மனைவி சொன்னாள். லைசென்ஸும் இல்லை, நிதானமும் இல்லை. நீ அங்கே இருந்தாயா?

கொடுத்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது. மற்ற எதையும் இனிமேல் எழுதாதே. தபால் தலையாவது மிச்சமாகும்.

லொரேன்


நோரா ஏரி,
அக்டோபர் 28

அன்புள்ள லொரேன்,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். முதல் உறைபனி விழுந்துவிட்டது. ஹாரல்ட் அம்பு எய்து ஒரு மான் அடித்தான், உனக்கென்று கொஞ்சம் இறைச்சியை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

டெரிக்கின் வழக்கு ஜனவரியில் வருகிறது. உன்னை அரசுத் தரப்பு கூப்பிடுகிறது, என்னை டெரிக்கின் தரப்பு. இது பற்றிக் கடிதத்தில் எதுவும் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

ஆகவே வேறு ஒன்றும் இல்லை.

மார்வின்


கிரீன் பே,
டிசம்பர் 12

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உடம்பு அப்படியே இருக்கிறது. மானை ஹாரல்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

வக்கீல் சொல்லித்தானா நீ எழுதாமல் இருக்கிறாய்? வேலியோரத்தில் உன் நாய் யாரையோ கடித்தபோதும், என் கல்யாணம் முறிந்தபோதும் உனக்கு எந்த வக்கீலும் தேவைப்படவில்லை. அப்போதும் வானிலைதான் எழுதினாய்.

கேட்டுக்கொள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அத்தை முதுகில் குத்தினாள் என்று அவன் சொல்ல வேண்டாம். அவன் குடித்திருந்தான். வாடை அடித்தது. நாக்கு குழறியது. நான் ஏறினேன். இதைச் சொன்னால் என் நஷ்டஈட்டு வழக்கு போய்விடும் என்று என் வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போகட்டும். அந்த மீன் விருந்துக்குப் பிறகு, டெரிக் ஓட்டும் சாலையில் எந்தப் பிள்ளை சைக்கிளில் வருமோ என்றுதான் நான் யோசிக்கிறேன்.

சாவியைப் பற்றி என்னை யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்லமாட்டேன். அது உன் வாயிலிருந்து வர வேண்டியது. நான் இழுத்துப் போட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை.

வழக்கு நாளில் கார் நிறுத்துமிடத்தில் என் பக்கம் வராதே.

லொரேன்


கிரீன் பே,
ஜனவரி 24

அண்ணனுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தேன். நீயும் சேர்ந்திருப்பாய். முழங்காலோடு அந்தப் படிகளில் நீ ஏறியதைப் பார்த்தேன்.

நான் சாட்சி சொன்னபோது நீ வெளியே வராந்தாவில் இருந்தாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். டெரிக்கின் வக்கீல் எழுந்து, "குடிச்சவன்னு தெரிஞ்சும் ஏறுனீங்களா? ஒண்ணு அவன் குடிக்கல, இல்ல நீங்க புத்தியில்லாதவங்க. எது?" என்றார். ஜூரியில் ஒருவர் சிரித்தார். நான், "ஏறுனது நான்தான்" என்றேன். சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாட்சியம் முடிந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். மகனுக்கு நல்ல பெயர் வாங்கித்தர வந்தவன் நீ. பொறுமையாக ஆரம்பித்தாய். எப்படி மீன் பிடித்தோம், என்ன சாப்பிட்டோம் என்று பாடம் நடத்துவதுபோலச் சொன்னாய். அரசு வக்கீலம்மாவுக்கு ஆணியும் தெரியாது, குடிலின் வழக்கமும் தெரியாது. போகிறபோக்கில்தான் கேட்டாள்.

"டெரிக் சாவியை எடுத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

‘எடுத்தப்போ’ என்ற சொல்லை நீ அப்படியே விட்டிருக்கலாம். நூல் சுருட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எனக்கு எழுதியிருந்தாய். நீ தண்ணீர் கேட்டாய். குடித்தாய். பிறகு சொன்னாய்.

"அவன் எடுக்கலம்மா. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

டெரிக்கின் வக்கீல் எழுந்தார். நீதிபதி உட்காரச் சொன்னார்.

"ஓட்டுற நிலையில இருந்தாரா?"

"இல்ல. வேற யாரா இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் கொடுத்தீங்க?"

"தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு சொல்லிட்டே இருந்தா. நான்தான் கொண்டுபோய் விடணும். கையில நல்ல சீட்டு வந்திருந்துச்சு. எழ மனசு வரல."

"உங்க தங்கச்சி அவரைப் பாத்துப் பயப்படலியா?"

"அவ அவனைப் பாக்கலம்மா. என்னைத்தான் பாத்தா. அந்தக் குடில்ல எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க."

நீ இதைச் சொன்னபோது டெரிக் திரும்பி உன்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜூரி போய், குற்றவாளி என்று முடிவுசெய்து வர அதிக நேரம் எடுக்கவில்லை.

நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் தப்பு. ஒரு சீட்டாட்டத்துக்காக என் கை போயிருக்கிறது. இதை நான் தெரிந்துகொள்ள நீதிமன்றத்தின் பின்வரிசை வரை வர வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது நீ என் பக்கம் இரண்டடி எடுத்துவைத்தாய். நான் படியிறங்கிவிட்டேன். இன்னும் அப்படித்தான் செய்வேன்.

லொரேன்


நோரா ஏரி,
மார்ச் 3

லொரேன்,

டெரிக்குக்கு எட்டு மாதம், மாவட்டச் சிறை. நீ கேள்விப்பட்டிருப்பாய்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று காவலரிடம் சொல்லி அனுப்பிவிட்டான். பெற்ற மகனுக்கு எதிராக வாய் திறந்தவன் என்று கடைத்தெருவில் ஒருவன் என் முகத்துக்கு நேரே சொன்னான். மளிகைக் கடையில் என் பின்னால் நிற்கிறவர்கள் வேறு வரிசைக்குப் போகிறார்கள்.

காப்பீட்டுக்காரன் பணம் கொடுத்து உன் வழக்கை முடித்துக்கொள்ள வந்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். உனக்கு வேண்டியது கிடைத்தது. என்னிடமிருந்து இன்னும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் இல்லையென்றால் எழுத வேண்டாம்.

மார்வின்


கிரீன் பே,
ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

காப்பீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டுவிட்டான். கோடையில் கைக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். கத்தரிக்கோல் பிடிப்பேனா என்று கேட்டேன், முள்கரண்டி பிடிப்பாய் என்றார் டாக்டர். அது போதும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

போன ஞாயிறு சிறைக்குப் போனேன். டெரிக் என்னையும் பார்க்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். மெலிந்திருக்கிறான், முகத்தில் பழைய நிறம் வந்திருக்கிறது. உள்ளே தலைமுடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிவிட்டிருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் முதலில் திட்டினேன். கரையில் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். கரை வந்ததே தெரியவில்லை, அத்தை என்றான். மன்னிப்புக் கேட்டான். எனக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டான். அந்த வக்கீலம்மா கேட்டாள், உன் அப்பா சொன்னார், அவ்வளவுதான் என்றேன். யாருமே தன்னிடம் சாவி கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்தவன் திரும்பி, "அப்பா எப்படி இருக்காரு, அத்தை?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன், தெரியவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன், மறுபடியும் கேட்பான்.

எப்படி இருக்கிறாய் என்று எழுது. முழங்காலை மட்டும் எழுதி அனுப்பாதே. அவனுக்காகத்தான் கேட்கிறேன்.

லொரேன்